ஒரு வாளி சமுத்திரம்

அக்டோபர் 3
(41 – 13.2)

என் தங்கை பெற்ற தவப்பயனும், பிறந்த நாள் முதல் என் தூக்கத்தைக் கெடுத்த தொல்லையுமாகிய நண்டுக்கு,

அலைகள் வழிவிட, பனிமலைகள் ஒதுங்கி நிற்க, எஞ்சின் அறையை ஆளும் உன் மாமன் எழுதுவது. நலம். நீ நலமா? உன் அம்மாவின் முழங்கால் இன்னும் மாடிப்படியோடு சண்டை போடுகிறதா?

இந்தக் கடிதத்தில் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நிச்சயம் நம்பமாட்டாள். எழுதுகிற எனக்கே பாதியில் சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் இடது கையை எண்ணெய் டப்பாவின் மேல் வைத்து (வலது கை எழுதுகிறது) மனதாரச் சொல்கிறேன்: நேற்று மதியம் உன் மாமன் சமுத்திரத்தை ஒரு வாளியால் அளந்தான்.

கயிற்றைக் கட்டி வாளியை வீசினேன். மேலே வரவில்லை. இழுத்தேன். கப்பல் சாய்ந்தது, சமையல்காரரின் சட்டி ஒரு பக்கம், சமையல்காரர் ஒரு பக்கம். கீழேயிருந்து ஒரு குரல். "யாருப்பா மேல?"

"நான்தான், எஞ்சின் ரூம் மெக்கானிக்."

"என்னை எதுக்கு அளக்கற?"

கடல்தான் பேசியது! நான் ஆடவில்லை, அசையவில்லை. "சும்மா, நலம் விசாரிக்கலாம்னு" என்றேன்.

"என்ன நலம் போ. உலகத்துல சேர்ற சூடு முழுக்க என் தலையிலதான் ஏத்தறாங்க. காத்து கொஞ்சம் சுமக்கும், கரை கொஞ்சம் சுமக்கும், மிச்சமெல்லாம் நான். சொன்னா யார் நம்பறா? வேணும்னா ஒரு வாளி எடுத்துக்கோ, எனக்கும் பாரம் குறையும்."

எடுத்துக்கொண்டேன். கடல் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சில் கப்பல் முந்நூறு மைல் தள்ளிப் போய் நின்றது. கேப்டன் எஞ்சினைப் பாராட்டினார். எஞ்சின் என்னைப் பாராட்டியது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். அவள் திட்டுவதை வரி விடாமல் எழுதி அனுப்பு.

உன் மாமன்


அக்டோபர் 24

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்களுக்குச் சளி, காய்ச்சல் எதுவும் இல்லையே? அம்மா சொன்னது வரி விடாமல்: "அவன் வாயைத் திறந்தா கப்பலே வேண்டாம், அந்தக் காத்துலயே ஊர் வந்து சேர்ந்துடுவான்." சொல்லிவிட்டு உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கக் கண்ணாடி தேடினார்.

நீங்கள் நம்பமாட்டாத கதை ஒன்று என்னிடமும் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் கப்பல்களின் பழைய பதிவுத் தாள்களைச் சேர்த்து, கடல் தண்ணீர் வருடத்துக்கு வருடம் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்கிறோம் இல்லையா? போன வாரம் மூன்றாம் மாடிக்கு நாலு அட்டைப்பெட்டி வந்தது. திறந்தால் உங்கள் கையெழுத்து! பத்தொன்பது வருடம், ஒரு கப்பல், ஒரே கை. ஒவ்வொரு மதியமும் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே வரும் கடல்நீரின் சூடு. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பக்கத்து மேசை அக்காவிடம் "இது எங்க மாமா!" என்று கத்தியேவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். பனிக்கரைக்குச் சரக்கு கொண்டுபோகும் உங்கள் பாதையில், தொடக்கத்தில் மட்டும் மற்ற கப்பல்களும் கொஞ்ச தூரம் வருகின்றன. அங்கே உங்கள் எண் எல்லோருடையதையும் விடக் கொஞ்சம் கூடவே இருக்கிறது. எப்போதும். உங்கள் தெர்மாமீட்டர் குழாயில் எந்த இடத்தில் இருக்கிறது? எங்கள் ஆபீஸ் தலைவர் கேட்கிறார்.

கடித மூலையில் என்ன மாமா அது, வழக்கமான கிறுக்கல்? சின்ன வயதில் அதை உங்கள் வீட்டு எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வீடு மாறுகிறாரே என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

அன்புடன்,
நண்டு


நவம்பர் 19
(52 – 6.4)

அட்டைப்பெட்டி ராணிக்கு,

நலம். உன் கடிதம் துறைமுகத்தில் பத்து நாள் எனக்காகத் தவம் கிடந்தது.

எண் ஏன் கூட இருக்கிறது என்று கேட்டாய். சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள். எங்கள் குழாய் வாயில் ஒரு திமிங்கிலம் குடியிருக்கிறது. அதற்குப் பத்தொன்பது வருடமாக விடாத காய்ச்சல். வேறென்ன செய்வது, வாடகை கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அதை விடு. பனியின் வேலை என்னவென்று உன் ஆபீஸில் யாருக்காவது தெரியுமா? நான் கண்ணால் பார்த்தேன். பனி ஒரு வாசல் காவலாளி. வெள்ளைச் சட்டை, விறைப்பான முதுகு. சூரியன் வந்து கதவைத் தட்டினால், "ஐயா வீட்டுல இல்ல, போயிட்டு அப்புறம் வாங்க" என்று வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். காவலாளி கரைந்து போனால் கருப்புக் கடல்தான் கதவைத் திறக்கும். அதற்கு யாரையும் திருப்பி அனுப்பத் தெரியாது. வந்ததை எல்லாம் உள்ளே விட்டுக்கொள்ளும்.

இன்னொன்று. கடல் உறையும்போது உப்பைத் துப்பிவிடும். அந்த உப்புத் தண்ணீர் கனத்துப்போய் அடிக்கு இறங்கி, உலகத்தின் தரையோடு நடக்க ஆரம்பிக்கும். எவ்வளவு தூரம்? உலகம் முழுக்க. எப்போது மேலே வரும்? ஆயிரம் வருடம் கழித்து! நான் அதன் காதில் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறேன். உன் பேத்திக்குப் பேத்திக்குப் பேத்தி கரையில் நின்றால் கேட்கலாம். இதைவிடப் பெரிய புளுகை இந்தக் கப்பலில் யாரும் கட்டியதில்லை.

அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா? எஞ்சினுக்கே நான் வாரம் இரண்டு முறை போடுகிறேன்.

மாமன்


டிசம்பர் 8

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒரு வருத்தமான சேதி: நீங்கள் கட்டிய பெரிய புளுகு புளுகே இல்லை. உப்புத் தண்ணீர் இறங்குவதும், அடியோடு நடப்பதும், கிட்டத்தட்ட ஆயிரம் வருடம் எடுப்பதும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. காவலாளியும்தான். அந்த இரண்டும் இல்லாவிட்டால் பூமியில் இப்போது நாம் பார்க்கும் வெயிலும் மழையும் வேறு மாதிரி இருக்கும்.

இனி சிரிப்பு இல்லை, மாமா.

உங்கள் தாள்களின்படி, பனிக்கரைப் பக்கம் கடல் இந்தப் பத்தொன்பது வருடத்தில் 0.9 டிகிரி சூடேறியிருக்கிறது. அவ்வளவு தூரம் போகும் வேறு கப்பல் கிடையாது. அந்தக் கடல் வருடத்துக்கு வருடம் எப்படி மாறியது என்று உலகத்துக்குத் தெரிந்தது, உங்கள் கையெழுத்தில் இருப்பது மட்டும்தான். நான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பெருமையாகத் தலைவர் அறைக்குப் போனேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்:

"சூடானது கடலா, இல்ல உங்க மாமாவோட எஞ்சின் ரூமா?"

தாள்களை மறுபடி புரட்டினேன். எட்டாவது வருடம் பம்ப் மாற்றியிருக்கிறீர்கள். அங்கே எண் திடீரென்று எகிறுகிறது. "இதைச் சரிபார்க்க வேற அளவு ஏதாவது இருக்கா? இல்லேன்னா மொத்தத்தையும் எடுத்துட வேண்டியதுதான்" என்றார். மார்ச் 28 அன்று குழு கூடுகிறது. அதற்குள் இன்னொரு அளவு வேண்டும். இல்லையென்றால் பத்தொன்பது வருடமும் அட்டைப்பெட்டிக்குத் திரும்பிப் போகும். அந்த மூலையில் கடல் என்ன ஆனது என்று யாருக்குமே தெரியாமல் போகும்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. தன் அண்ணன் எழுதியதை ஆபீஸில் நம்பவில்லை என்றால் அவருக்குத் தாங்காது.

திமிங்கிலம் வேண்டாம் மாமா. தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது?

நண்டு


ஜனவரி 11
(64 – சுழிக்குக் கீழே 1.1)

நண்டுக்கு,

நலம். பனிக்கரைக்கு வந்துவிட்டோம். வெளியே எல்லாம் வெள்ளை, உள்ளே எல்லாம் எண்ணெய்.

தெர்மாமீட்டர் பம்புக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சின் வெக்கையில். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு வெளியே குளிர் எப்படி என்று சொல்கிற ஆள் மாதிரி. கப்பலைக் கட்டியவர்கள் அங்கேதான் வைத்தார்கள், தாளிலும் அதற்குத்தான் கட்டம் போட்டிருக்கிறார்கள். பம்ப் மாற்றியபோது இன்னும் அரை அடி உள்ளே போய்விட்டது. உன் தலைவர் கெட்டிக்காரர். சந்தேகச் சக்கரவர்த்தி என்று பட்டம் கொடுத்துவிட்டேன், சொல்லிவிடு.

எடுக்க வேண்டுமென்றால் எடுத்துவிடட்டும். எண்கள்தானே.

கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. வலது சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் ஒரு சீல், பனியில் படுத்திருக்கும் கடல்நாய், கடித்துவிட்டது. அதுவும் நானும் இப்போது சமாதானம்.

மாமன்


பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

எண்கள்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். பத்தொன்பது வருடம் ஒரு நாள் தவறாமல் எழுதிய ஆள் எழுதுகிற வார்த்தையா அது?

அம்மா பார்த்துவிட்டார். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தால், எழுந்து போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை இறக்கினார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒன்பது. நீங்கள் கடலிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் அத்தனையும், தேதி வாரியாக. எண்ணினோம். ஆயிரத்து நூற்று நாற்பது.

"இதுல தேடு. மூலையில பாரு" என்றார்.

"என்னம்மா இருக்கு மூலையில?"

"அவன் முதல் தடவை கப்பல் ஏறினப்ப நான்தான் சொன்னேன். அண்ணா, நீ எவ்வளவு வேணும்னாலும் புளுகு, எனக்குப் பிடிக்கும்தான். ஆனா ஒவ்வொரு கடுதாசிலயும் ஒரே ஒரு நெசத்தையாவது எழுதிடு, நீ நிஜமாவே இருக்கேன்னு எனக்குத் தெரியணும்னு. சரின்னான். என் நெசம் மூலையில இருக்கும்னான்."

"இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"நீ வீட்டு நம்பர்னு நினைச்சே. எனக்கு அது நல்லா இருந்துது."

அன்று முதல் உங்கள் தாளையும் உங்கள் கடிதத்தையும் ஒரே தேதிக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதல் எண் கப்பல் இருக்கும் அட்சரேகை. சரியாக இருக்கிறது. இரண்டாவது எண் தாளில் இருப்பதைவிட எப்போதும் குறைவு. பம்ப் மாற்றிய வருடம் தாளில் எண் எகிறுகிறது, மூலையில் எகிறவில்லை.

அது குழாயிலிருந்து வந்த எண் இல்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது? யார், எப்படி, எதை வைத்து அளந்தது? ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம், கடலைப் பேசவிடாமல் எழுதுங்கள்.

நண்டு


மார்ச் 3

மாமா,

பதில் இல்லை. உடம்பு சுகம்தானே? துறைமுக ஆபீஸில் கேட்டால் கப்பல் நலமாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் நீங்கள் எழுதவில்லை.

இன்னும் இருபத்தைந்து நாள். கோபமாக இருந்தால் கோபமாக எழுதுங்கள். அம்மா தினமும் தபால்காரரிடம், "எங்க அண்ணன் கடுதாசி வந்தா மாடிக்கு ஏற வேண்டாம், கீழயிருந்தே கூப்பிடுங்க, நான் இறங்கி வரேன்" என்கிறார். அந்த முழங்காலோடு.

நண்டு


பிப்ரவரி 27
(60 – 1.9)

நண்டுக்கு,

உன் கடிதம் பிப்ரவரி 16 அன்று கிடைத்தது. பதினோரு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தோ ஒரு திமிங்கிலம் உள்ளே வந்துவிட்டது.

மர வாளி. நானே செய்தது. மதியம் பன்னிரண்டு மணி. வலப்பக்கத் தளத்தின் முன்பகுதியில், கப்பலின் சுடுநீர் வெளியே விழும் இடத்துக்கு முன்னால் நின்று எடுப்பேன். மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு நான்காவது வாளி. நிழலில் வைத்து ஒரு நிமிடத்துக்குள் படிப்பேன். ஒரே கண்ணாடித் தெர்மாமீட்டர். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால், உருகுகிற பனிக்கட்டியில் வைத்து அது சரியாகச் சுழி காட்டுகிறதா என்று பார்த்துவிடுவேன். காட்டியது.

அலை பெரிதாக இருந்த நாளில் எடுக்கவில்லை. எடுக்காத நாளில் மூலையில் முதல் எண் மட்டும்தான் இருக்கும். ஊகித்து ஒரு நாள்கூட எழுதவில்லை.

தாளில் வாளிக்குக் கட்டம் இல்லை. அதனால் உன் அம்மாவுக்கு எழுதினேன்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என் பொய்யை ஒருவர் நம்பாவிட்டால் நான் சிரிப்பேன், அதற்காகத்தானே சொல்கிறேன். இதை நம்பாவிட்டால் எனக்குத் தாங்காது.

சத்தியம் எதுவும் செய்யவில்லை. செய்தால் உனக்குச் சந்தேகம் வரும்.

மாமா


மார்ச் 29

என் அன்புள்ள மாமாவுக்கு,

பிப்ரவரி 27 அன்று நீங்கள் எழுதிய கடிதம் 24ஆம் தேதிதான் வந்தது. அம்மா படியில் இறங்கியதை நான் பார்த்தேன். முழங்கால் என்று ஒன்று அவருக்கு இருப்பதாகவே தெரியவில்லை.

நேற்று நீளமான மேசையைச் சுற்றி ஒன்பது பேர். மேசை மேல் பதினொரு பிஸ்கட் டின். தலைவர் உங்கள் கடிதத்தை முழுதாகப் படித்தார். அப்புறம் எழுந்து போய்ப் பனிக்கரையில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய கோப்பைக் கொண்டுவந்தார். நிலையத்தார் இரண்டே இரண்டு பருவம் கடலில் தங்கள் கருவியை இறக்கி அளந்திருக்கிறார்கள். பத்தொன்பது வருடக் கதையைச் சொல்ல அது போதாது, வாளியைச் சோதிக்கப் போதும். உங்கள் கப்பல் அங்கே நின்ற நாட்களில் இருபத்தாறு நாள் இரண்டிலும் எண் இருந்தது. அவர் நிலையத்து எண்ணைப் படிக்க, நான் உங்கள் மூலையைப் படித்தேன்.

"சுழிக்குக் கீழே 0.8."

"சுழிக்குக் கீழே 0.9."

"சுழிக்குக் கீழே 1.2."

"சுழிக்குக் கீழே 1.2."

பத்தாவது, இருபதாவது, எதிலும் வித்தியாசம் 0.1-ஐத் தாண்டவில்லை. இருபத்தாறும் முடிந்ததும் தலைவர் கோப்பை மூடினார். அவர் கையில் இருந்தது, சீல் உங்கள் விரலைக் கடித்த கடிதம். சொன்னார்:

"இந்த மனுஷன் எழுதறதுல கடலைத் தவிர வேற எதையும் நம்பாதீங்க. கடலை மட்டும் கண்ணை மூடிட்டு நம்பலாம்."

பத்தொன்பது வருடமும் நிற்கிறது, மாமா. வாளித் தண்ணீரைக் காற்று துளி குளிர்விக்கும், குழாய்த் தண்ணீரை எஞ்சின் சூடாக்கும். குழாய் 0.9 ஏற்றம் என்கிறது, வாளி 0.6 என்கிறது. உண்மை வாளிக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. அந்தக் கடல் சூடாகித்தான் இருக்கிறது. அது நல்ல சேதி இல்லை. ஆனால் இனிமேல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறோம்: "வாளி அளவீடு: கப்பலின் எஞ்சின் அறை மெக்கானிக்." இன்று காலை அச்செடுத்த அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி வரும் தாள்களில் வாளிக்கு ஒரு கட்டமும் உண்டு. தலைவரே கோடு போட்டார்.

ஒரு எச்சரிக்கை. அம்மா காய்கறிக் கடையில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் தெரியுமா? "உலகத்துல இருக்கிற அத்தனை கடலையும் எங்க அண்ணன் ஒத்தை ஆளா அளந்து முடிச்சுட்டான்." புளுகு உங்கள் இரண்டு பேருக்கும் பொது என்று இப்போதுதான் தெரிகிறது.

அப்புறம், விரலைக் கடித்த சீலின் கதையை அம்மா நம்பவில்லை. நானும்தான்.

பெருமையில் வெடித்துவிடும் நிலையில்,
நண்டு


ஏப்ரல் 22

சந்தேகச் சக்கரவர்த்தியின் சபையில் வாகை சூடிய நண்டுக்கு,

நலம். நாங்கள் கரைக்கு வந்துவிட்டோம், ஒரு மாதம் கப்பலுக்குப் பழுதுவேலை. இந்தக் கடிதத்தின் மூலையில் எண் இல்லை, கவனித்தாயா? கரையில் உட்கார்ந்து கடலை அளக்க முடியாது. அதனால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி நான் கடன்பட்டிருக்கும் நெசத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அதுவரை பொறுமை.

உன் அறிக்கை துறைமுகத்துக்கு வந்த சேதி பரவியதும், நின்றிருந்த நாற்பது கப்பலும் ஒரே நேரத்தில் ஊதின. அந்தச் சத்தத்தில் பனிக்கரையில் ஒரு பனிமலை இரண்டாகப் பிளந்து, வழிவிட்டு, தலை வணங்கி நின்றது. காய்ச்சல்காரத் திமிங்கிலம் குழாயிலிருந்து வெளியே வந்து, "இவ்வளவு நாள் உங்க பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று வாலால் கும்பிட்டது. கேப்டன் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். காது வரை இறங்கிவிட்டது, இன்னும் வெளிச்சம் தெரியவில்லை. சமையல்காரர் உன் அறிக்கையைச் சட்டம் போட்டு, கெட்டிலுக்கு மேலே மாட்டி, தினமும் மூன்று வேளை அதன் முன்னால் நின்று தலைகீழாக ஒப்பிக்கிறார். கடல் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அதற்குச் சொல்ல வேண்டியதை நீ சொல்லிவிட்டாய் என்று நினைக்கிறேன்.

விரலுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, மரத்துப்போயிருக்கிறது. ஈரக் கயிறு, குளிர்காற்று, பத்தொன்பது வருடம். நம்பாவிட்டாலும், அம்மாவிடம் சீல் என்றே இருக்கட்டும்.

நாளைக்குப் புதிய கட்டம் போட்ட தாள்கள் கப்பலுக்கு வருகின்றனவாம். பேனாவுக்கு மை ஊற்றிவிட்டேன்.

சரி, நெசம். நாற்பது கப்பல் ஊதவில்லை, இருந்ததே மூன்று. பனிமலை பிளக்கவில்லை. திமிங்கிலம் வரவில்லை. தொப்பி கேப்டன் தலையிலேயே பத்திரமாக இருக்கிறது. வலப்பக்கத் தளத்தின் முன்பகுதியில், மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஒரு கிழட்டு மெக்கானிக் மர வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, உன் அறிக்கையின் முதல் பக்கத்தை மூன்று முறை படித்தான். அது மட்டும் நடந்தது.

மாமா